எடையும் சுமையும்

தமிழ்த்துறை விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் வந்து நின்றபோது, சீறாப்புராணத்தைப் பற்றியோ சிற்றிலக்கியங்களைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆனால் கடந்த ஓராண்டாக என் உள்ளத்தை விட்டு அகலாமல் உருண்டுகொண்டிருப்பது நான்கு சக்கரமுள்ள ஒரு சிறு வண்டி. குழந்தையை அமர்த்தித் தள்ளிச் செல்லும் அவ்வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டதை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். வகுப்பறையில் பிறருக்குப் பாடம் சொல்பவன், தன் வீட்டில் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் இது.

எங்கள் மகன் பிறந்து 13 ஆண்டுகள் கழித்து, இறைவன் அருளால் பிறந்தவள் எங்கள் மகள். சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் வாழும் என் காக்கா தம் மூத்த மகளின் நிக்காஹ்வுக்குக் குடும்பத்தோடு வருமாறு அழைத்தார். அப்போது மகளுக்கு வயது ஒன்றரையைத் தாண்டி இரண்டு மாதம். எடை 11 கிலோ. அவளுக்கு நடக்கத் தெரியும். ஆனால் நாம் செல்ல வேண்டிய திசையில் நடக்கத் தெரியாது. என் மனைவிக்கோ முதுகுத்தண்டின் வட்டு விலகி, ஆறு மாத காலத்திற்கு எந்தப் பளுவையும் தூக்கலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளை விட்டுவிட்டுச் செல்லவும் மனமில்லை. அவளுடைய லாத்தாவும் அந்நகரில்தான் இருக்கிறார். இருவரும் நேரில் கண்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்நிலையில் சக ஆசிரியர் ஒருவர், "இலேசான தள்ளுவண்டி ஒன்று வாங்கிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். தள்ளுவண்டி என்றதும் என் நினைவில் எழுந்தது வேர்க்கடலை விற்பவரின் வண்டிதான். நம் இலக்கிய மரபில் குழந்தைக்கு வண்டி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் மூன்று சக்கரச் சிறு தேரை உருட்டி விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். நம் இல்லங்களில் நடைவண்டியும் உண்டு. ஆயினும் இவற்றிலெல்லாம் உருட்டுவது குழந்தை, உருள்வது வண்டி. குழந்தை அமர்ந்திருக்க மற்றவர் தள்ளிச் செல்வது நமக்குப் புதிது.

அப்புதுமை என் உம்மாவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. "நாலு பிள்ளைகளை இடுப்பில் வைத்தே வளர்த்தேன். உம்மா இடுப்பை விடவா பிள்ளைக்கு வண்டி பெரிசாப் போச்சு?" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை.

நகரின் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இருப்பதில் எடை குறைந்தது எது?" அவர் காட்டியது நான்கு கிலோவுக்கும் குறைவு, விலையும் குறைவு. ஒரு விரலால் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. மகளை உடன் அழைத்துச் செல்லவும் இல்லை; மனைவியின் கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பு, ஒத்திகை போல, மூவரும் தொடர்வண்டி நிலையம் வரை சென்றோம். பால்புட்டி, மாற்றுடை, தண்ணீர், பழம் எனப் பருத்திருந்த பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். நடைமேடையில் நான் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மகள் பின்புறமாகத் திரும்பி, உம்மாவை நோக்கி இரு கைகளையும் நீட்டினாள். பையின் கனமும் குழந்தையின் சாய்வும் சேர, வண்டி பின்புறம் குடை சாய்ந்தது. குழந்தையின் தலை தரையைத் தொடுமுன் என் மனைவி பாய்ந்து பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பிடித்தவளால் நிமிர முடியவில்லை. அன்று முதல் பத்து நாட்கள் அவள் படுக்கையில் கிடந்தாள். ஒரு சொல்லும் என்னைக் கடிந்துரைக்கவில்லை. அது எனக்கு மேலும் கனத்தது.

அப்பத்து நாட்களில்தான் நான் உண்மையாகவே மாணவனானேன். அவ்வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1733-இல் வில்லியம் கென்ட் என்னும் கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் செய்த வண்டியைச் சிறு விலங்கு ஒன்றே இழுக்குமாறு அமைத்திருந்தாராம். செல்வர் வீட்டு அலங்காரமாகத் தொடங்கிய அது, நெடுங்காலம் கனத்த வண்டியாகவே இருந்தது. அதை மாற்றியவர் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கி அமைப்பில் பணியாற்றியவர் அவர். மாஸ்கோவிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த தம் மகள், கனத்த வண்டியோடு படும் அல்லலைக் கண்டார். விமானத்தில் பயன்படும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடை போல் மடங்கும் வண்டியை 1965-இல் வடிவமைத்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தையை ஏந்தி மறு கையால் மடக்க முடிந்தது. போர் விமானம் படைத்த கை, ஒரு தாயின் கைக்கு ஓய்வு தந்தது என்பதைப் படித்தபோது என் நெஞ்சு நெகிழ்ந்தது. அவர் பார்த்தது எடையை மட்டுமன்று. மகளின் இரு கைகளையும் பார்த்தார். நான் பார்க்கத் தவறியது அதுவே.

இனி, பயணத்திற்கு இத்தகைய வண்டி வாங்குவோர்க்குப் பயன்படும் எனக் கருதி, நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன். முதலாவது, எடை. ஐந்து முதல் ஏழு கிலோ வரையுள்ள வண்டியே பயணத்திற்குப் போதும். அதனினும் இலேசானதைத் தேடும்போது, சட்டத்தின் உறுதியையும் சக்கரத்தின் அளவையும் இழக்கிறோமா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, பட்டை. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கிடை என ஐந்து முனைகளில் பிணைக்கும் பட்டையே குழந்தையைக் காக்கும். மூன்றாவது, மடிப்பு. விமானத்திற்குள் தலைக்குமேல் உள்ள பேழையில் வைக்க எண்ணினால், மடித்த அளவை நாடாவால் அளந்து, பயணச்சீட்டு வாங்கும்போதே அந்நிறுவனத்தின் விதியைக் கேட்டறிதல் வேண்டும். ஒவ்வொன்றின் விதியும் வேறு. பல நிறுவனங்கள் விமானத்தின் வாயில் வரை வண்டியைத் தள்ளிவர விடுகின்றன; அங்கே அடையாளச் சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்கின்றன. நான்காவது, கீல்கள். 2009-இல் அமெரிக்காவில், விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனிகள் துண்டுபட்டதால், ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகளுக்குக் கீல் உறைகள் வழங்க நேர்ந்தது. விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்டி நிற்கட்டும்.

யாவற்றினும் மேலாக ஒன்று: கைப்பிடியில் பை மாட்டாதீர். இருக்கைக்குக் கீழே உள்ள கூடைதான் பைக்கு உரிய இடம். வெயிலுக்காக வண்டியைப் போர்வையால் முழுதும் மூடுதலும் கூடாது. காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே வெப்பம் ஏறும்.

இம்முறை கடைக்கு மனைவியின் சொற்படியே சென்றேன். அவள் உயரத்திற்குக் கைப்பிடி பொருந்துகிறதா, குனியாமல் காலால் நிறுத்தியை அழுத்த முடிகிறதா, ஒரு கையால் மடக்க முடிகிறதா என்பவற்றை அவளே பார்த்துத் தேர்ந்தாள். அதன் எடை ஆறு கிலோ, முன்னதினும் கனம். வீட்டில், மகளை அமர்த்துமுன், தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகளை 11 கிலோ வரும்வரை அதில் அடுக்கி மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தள்ளிப் பார்த்தேன். திருப்பினேன், சாய்த்தேன், நிறுத்தினேன். வண்டி அசையாமல் நின்றது. பேரகராதி எனக்குப் பல வகைகளில் உதவியதுண்டு. இவ்வகையில் உதவியது அதுவே முதன்முறை.

மனைவி நலம்பெற்று எழ, மருத்துவரின் இசைவோடு திருச்சியிலிருந்து புறப்பட்டோம். சிங்கப்பூர், வண்டியில் வரும் குழந்தைக்கு இடம் கொடுக்கும் நகரம். நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களில் மின்தூக்கி உண்டு. 2017 முதல், வண்டியை மடக்காமலேயே பேருந்தில் ஏற்றிச் செல்லவும் அனுமதி உண்டு. என் மனைவி, அவ்வூரில் ஒரு முறையும் குனியாமல், எவரிடமும் உதவி கேளாமல், தன் லாத்தாவோடு கடை வீதியெல்லாம் சுற்றி வந்தாள். அச்சகோதரியர் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பேசிச் சென்ற காட்சியைக் கண்டு, அவ்வண்டிக்குக் கொடுத்த விலை குறைவே என எண்ணினேன்.

ஆயினும் எவ்வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. தேக்கா பகுதியின் பழைய கடை வீடுகளுக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், கடைக்குக் கடை தளம் ஏறியும் இறங்கியும் இருக்கும். படிகளுக்கு முன் வண்டி நின்றுவிட்டது. மகள் உறக்கத்தில் இருந்தாள். நான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். வண்டியை மடக்கிக் காக்காவின் மகன் எடுத்துக்கொண்டான். அரை மணி நேரம் நடந்திருப்போம். தோள் கடுத்தது, இடுப்பு நொந்தது, கை மரத்தது. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்: மகள் பிறந்து இருபது மாதங்களில், அவளை நான் இடைவிடாது அரை மணி நேரம் சுமந்தது அன்றுதான். என் மனைவியின் வட்டு ஏன் விலகியது என்று மருத்துவரிடம் நான் கேட்டிருந்தேன். விடை என் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியபின் இதனை உம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உன் வாப்பாவும் அந்த ஊரில்தான் கடையில் நின்றார். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார். உனக்குக் காய்ச்சல் வந்தால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, உன் காக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பேன். அப்போது பிடித்த இடுப்பு வலி, இன்றைக்கும் தொழுகையில் குனிய விடவில்லை. அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன்" என்றார். பின்னர் மெல்ல, "வண்டி வேண்டாம் என்று சொன்னது, அதை யாரும் எனக்கு வாங்கித் தரவில்லை என்பதனால்தானோ என்னவோ, மகனே" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைக் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டதில்லை, முதுமை என்று கருதினேன். அவர் இளமையிலும் அப்படித்தான் எழுந்தார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

எடை, கனம், பளு, பாரம், சுமை என்று ஒரு பொருள் குறித்த பல சொற்களை வகுப்பில் வேறுபடுத்திக் காட்டுபவன் நான். எடையைத் தராசு சொல்லிவிடும். சுமையைச் சுமப்பவர்தாம் சொல்ல வேண்டும். நாம் கேட்டால்தான் சொல்வார். அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் ஏந்தியவாறே தொழுதார்கள். சுஜூதுக்குச் செல்லும்போது இறக்கிவைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் நானே அதைக் கூறியிருக்கிறேன். குழந்தையைத் தூக்குவது பெண்ணின் வேலை என்று எண்ணும் ஒருவன், அதை எப்படிக் கூறினான் என்பதே இப்போது என் வியப்பு.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் பெற்றோராவீர். வண்டி வாங்குங்கள், அதில் பிழையில்லை. தள்ளப்போகிறவரைக் கேட்டு வாங்குங்கள். வண்டி நிற்கும் படிகளில் உங்கள் தோளைக் கொடுங்கள். எங்கள் வண்டி இப்போது அண்டை வீட்டாரின் குழந்தைக்குப் பயன்படுகிறது. என் மகள் எல்லாத் திசைகளிலும் ஓடுகிறாள். களைத்தால் என்னிடம்தான் கைகளை நீட்டுகிறாள். அவள் எடை இப்போது 13 கிலோ. எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.