மலைப்பாதையில் ஒரு மூட்டை



எங்கள் வீடு பூண்டுலோயாவில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை நிற்கும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் என் மனைவி பத்தொன்பது வருடமாக அரிசி கழுவுகிறார். அவர் மூதூர்ப் பெண். கடற்கரை மணலில் வளர்ந்து, கலியாணம் முடித்து இந்தக் குளிருக்கு வந்தவர். ஆனால் ஒரு நாளாவது அந்த மலையில் கால் வைத்ததில்லை. நான் கூட்டிக்கொண்டு போனதில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

நான் மத்ரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கிறவன். ஸுபஹுக்கும் இஷாவுக்கும் இடையில் என் உலகம் பள்ளிவாசல், வகுப்பு, வீடு என்று மூன்று வாசல்களுக்குள் முடிந்துவிடும். மலை என்பது மேகம் வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான்.

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பாடசாலையில் சுற்றாடல் முன்னோடி. மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகள் வழியாக நடத்தும் திட்டம் அது. பிள்ளைகளுக்குப் பதக்கமெல்லாம் உண்டு. விடுமுறையில் இரண்டு நாள் நிகழ்ச்சி என்று ஒரு கடிதம் கொண்டுவந்து நீட்டினாள். முதல் நாள் வழிகாட்டியுடன் மலைநடை, இரண்டாம் நாள் ஓடைக்கரை துப்புரவு, பெற்றோரும் கலந்துகொள்ளலாம் என்று இருந்தது.

"பொம்பளப் புள்ளைகளுக்கு மலையேத்தம் என்னத்துக்கு?" என்றேன்.

"ஸஃபா மர்வா மலைக்கு ஏறி ஓடினது ஆம்புளையா வாப்பா?" என்றாள்.

உள்ளே சம்பல் அரைத்துக்கொண்டிருந்த அவளது உம்மாவின் கை நின்றது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டத்தை ஹஜ்ஜில் எல்லா ஆண்களும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்க, நான் எந்த முகத்தோடு மறுப்பது? மஹ்ரமாக நானே வருகிறேன் என்றேன். "அப்ப நானும் வாறேன்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

நம் நாட்டில் வசந்தம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நுவரெலியாவில் ஒவ்வொரு ஏப்ரலிலும் வசந்தகாலக் கொண்டாட்டம் என்று கார் ஓட்டமும் குதிரை ஓட்டமும் மலர்க் கண்காட்சியும் நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டமும் குப்பையும் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனால் வசந்தம் நகரத்துக்கு வெளியே மெய்யாகவே இருக்கிறது. தை பிறந்து ஏப்ரல் வரை மலையில் வெயில் வாய்க்கும். உயரமான காடுகளில் சிவப்புப் பூங்கொத்துகளோடு காட்டுப்பூவரசு மலரும். அதற்குப் பிறகு தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் அட்டைதான் ராஜா.

எங்கள் ஊர் வழியாகப் போகும் அந்தப் பாதைக்குப் பெக்கோ நடைபாதை என்று பெயர். பெக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். கண்டி ஹந்தானையில் தொடங்கி, மலையகத்தைச் சுற்றி வளைத்து நுவரெலியாவில் முடியும் இது 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் அமெரிக்க உதவியும் இதற்குக் கிடைத்தன. தவலந்தென்னையிலிருந்து வரும் ஒரு பகுதி பூண்டுலோயாவில் முடிகிறது. அடுத்தது இங்கிருந்து கிளம்பி வட்டகொடைக்குப் போகிறது. புதிதாக வெட்டிய பாதை அல்ல இது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் ஆட்களும் குதிரைகளும் மூட்டைகளும் போன அதே தடம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பி லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய உம்மம்மா காலத்தில், (அவர் 'அம்மாயி' என்றார்), இந்தப் பாதையில் நின்று வேடிக்கை பார்த்தால் கங்காணி ஏசுவாராம். இப்போது நின்று பார்க்க வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வருகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதையும், 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு அந்தப் பயிரே அழிந்துபோனதையும் நடந்துகொண்டே சொன்னார். அதற்கெல்லாம் முன்னால் இங்கே என்ன இருந்தது என்று மகள் கேட்டாள். "காடு" என்றார். ஓடையோரத்தில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டைக் காட்டி, "இந்த மாதிரி எல்லா எடத்துலயும்" என்றார்.

ஹபாயா தேயிலைச் செடியில் சிக்கியது. அதன் கீழே காற்சட்டையும் காலுறையும் போட்டு வந்திருந்ததால் என் மனைவி ஓரத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். கிளம்பும் சகோதரிகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத சப்பாத்து முக்கியம். காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறத் தயங்கும். தேசிக்காய் ஒன்றும் கையில் இருக்கட்டும். இது என் யோசனை அல்ல. 1344 இல் பாவா ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதா தம் பயணநூலில் இந்த அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்றும், இந்நாட்டவர்கள் எலுமிச்சையைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள் என்றும் சொல்கிறார். அறபுக் கல்லூரியில் படித்தபோது அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, கதை என்று நினைத்தேன். என் கணுக்காலில் இரத்தம் கண்டபோதுதான் மகான் உண்மையே எழுதியிருக்கிறார் என்று விளங்கியது.

ஏற்றத்தின் நடுவில் ஒரு தோட்டத்து அம்மா எதிரே வந்தார். அறுபது வயது இருக்கும். தலையில் கவ்வாத்து மிலாறு ஒரு கட்டு. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

"எங்க போறீங்க?"

"சும்மா நடக்கிறோம்" என்றார் என் மனைவி.

"சும்மாவா? சும்மாவா இந்த ஏத்தத்துல ஏறுறீங்க?" என்று கட்டை இறக்கிவைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இருவரும் கல்லில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கைமாறின. தோட்டத்து மிலாறு போதாத மாதங்களில் காட்டுக்குள் போனால் பிடிப்பார்கள் என்று பயம், போகாவிட்டால் அடுப்பு எரியாது என்று அவர் சொன்னதை நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டேன்.

சகோதரிகளே, காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் வேலி கட்டிக் காப்பது நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. அதற்கு 'ஹிமா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற இடத்தை ஹிமாவாக ஆக்கினார்கள். மதீனாவைச் சுற்றியும் மரம் வெட்டக்கூடாத, வேட்டையாடக்கூடாத எல்லை வகுத்தார்கள். உமர் (ரழி) அவர்கள் ரபதாவில் ஒரு ஹிமாவை ஏற்படுத்தினார்கள். ஹிமாவின் பொறுப்பை ஹுனை என்பவரிடம் ஒப்படைத்தபோது அவர்கள் இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஆடு, சில ஒட்டகம் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்பது அதன் சாரம். அந்தப் பெரியவர்களின் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு வேறொன்றும் இல்லை என்பது காரணம். இந்தப் பாடத்தை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். மிலாறு கட்டின் முன்னால் நின்றபோதுதான் அதன் எடை தெரிந்தது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் சும்மா நடக்க வருகிற என்னை வரவேற்கும் சட்டம், விறகு பொறுக்க வருகிற அவரை விரட்டுமானால், உமர் (ரழி) அவர்களின் கணக்கில் அது தலைகீழ்.

அன்று ளுஹரை மலைமேல் தொழுதோம். அது பற்றி எழுதினால் பெருமை ஆகிவிடும்.

இனி இரண்டாம் நாள். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலை எட்டு மணிக்கு ஓடைக்கரையில் முப்பது பேர் கூடினோம். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். கையுறை கொடுத்தார்கள், ஆளுக்கோர் உரப்பை கொடுத்தார்கள். குப்பை பொறுக்குவது தனிக்கலை. மேலே கிடப்பதை எடுக்க எல்லோருக்கும் வரும். சேற்றில் பாதி புதைந்த பொலித்தீனைக் கிழியாமல் இழுக்கப் பொறுமை வேண்டும். வழிகாட்டித் தம்பி ஹோட்டன் சமவெளிக்கும் இப்படித் தொண்டு வேலைக்குப் போனவராம். அங்கே வாசலிலேயே பையைப் பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றிவிடுவார்கள், மரைகள் பொலித்தீனைத் தின்றுவிடும் என்றார். அங்கே பிடுங்குவது வேறு வகைக் குப்பை. வெள்ளைக்காரர் காலத்தில் வந்து சேர்ந்து, மஞ்சள் பூப் பூத்துப் புல்வெளியை விழுங்கும் ஒரு முட்புதர் அது. தொண்டர்கள் வேரோடு பிடுங்குவார்கள். ஆனாலும் விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து மறுபடி முளைக்குமாம். அந்தச் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்துதான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் இறங்குகிறது.

பத்து மணி இருக்கும். பாறை இடுக்கில் ஒரு அரிசிச் சாக்கு சிக்கியிருந்தது. இரண்டு பிள்ளைகள் இழுத்தும் வரவில்லை. என் மகள் போய் வாயைக் கட்டியிருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"உம்மா, இது உங்கட பழைய துப்பட்டா."

நீலத்தில் வெள்ளைப் புள்ளி. என் மனைவிதான் கிழித்துக் கட்டியவர். ஷஃபான் மாதத்தில் எங்கள் மூத்த மகன் குர்ஆன் மனனம் முடித்ததற்கு விருந்து வைத்தோம். நூற்றைம்பது பேர். வீட்டில் இடம் போதாதென்று சஹன் வைக்காமல் பார்சல் கொடுத்தோம். உள்ளே எங்கள் சாப்பாட்டுத் தாள்கள், எங்கள் தண்ணீர்ப் போத்தல்கள், எங்கள் யோகட் கோப்பைகள். 2023 ஒக்டோபரில் நம் நாட்டில் பிளாஸ்டிக் தட்டும் ஸ்ட்ரோவும் தடையானபோது இந்த யோகட் கோப்பைக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. எங்கள் மூட்டையில் அது நூற்றுக்கு மேல் இருந்தது. குப்பையை அப்புறப்படுத்த ஒருவரிடம் 1,000 ரூபா கொடுத்தேன். எங்கே கொண்டுபோனாய் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் 500 கேட்பார் என்று நினைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

தஹாரத் பாடத்தில் ஒரு ஹதீஸ் வரும். தண்ணீர்த் துறை, மக்கள் நடக்கும் பாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களை அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரிப்பது. என் மாணவர்கள் இருவர் அங்கே உரப்பையோடு நின்றார்கள். ஓடை, பாதை, மர நிழல் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. "இது எங்கள் வீட்டு மூட்டை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிங்களத் தாய் வந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். நானும் அவரும் என் மனைவியுமாகத் தூக்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: "இந்த ஓடத் தண்ணி எங்க போகுது?"

பூண்டுலு ஓயா கொத்மலை ஓயாவில் விழுகிறது. அது கொத்மலை நீர்த்தேக்கம் வழியாக மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீட்டர் ஓடும் மகாவலி கொட்டியாரக் குடாவில், மூதூரின் பக்கத்தில் கடலோடு கலக்கிறது.

"அப்ப உம்மா வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறம்" என்றார்.

அன்று பின்னேரமே தெருவில் இரண்டு வீட்டில் கேட்டு, பழைய சஹன்கள் பன்னிரண்டைத் தேடிப்பிடித்துப் புளி போட்டு விளக்கி அடுக்கிவைத்தார். ஒரு சஹனில் ஆறு பேர், இரண்டு பந்தி என்று கணக்கும் சொன்னார். இப்போது எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் அவரிடம்தான் வந்து வாங்கிப்போகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது அடியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். கழுவாமல் கொடுத்தவர்களுக்கு அடுத்த தடவை கிடைப்பது கஷ்டம்.

அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மலையகம் எங்கும் மண்சரிந்தது. யோகட் கோப்பையால்தான் மலை சரிந்தது என்று சொல்ல நான் மடையன் அல்ல. பெய்த மழை அப்படி. ஆனால் தண்ணீர் வடிய வெட்டிய கான்கள் அடைபட்டால் சரிவுக்குள் தண்ணீர் இறங்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏப்ரலில் உரப்பை பிடித்த அதே கூட்டம் மழை விட்டதும் மண்வெட்டியோடு கான் வெட்டப் போனது. நானும் போனேன். என் வெட்டைப் பார்த்துவிட்டு, "ஹஸரத், நீங்க மண்ண அள்ளுங்க, போதும்" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்தார்கள். பெண்கள் கூடிச் சமைத்தார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாப்பாட்டு வரிசையில் ஒரு முகம். மிலாறு கட்டு இல்லாததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. லயத்தின் பின்சுவர் போய்விட்டதாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவர் சஹனைக் கையில் வாங்கிக்கொண்டு என் மனைவியை உற்றுப் பார்த்தார்.

"அன்னைக்குச் சும்மா நடந்த அம்மாதானே நீங்க?" என்றார்.

என் மனைவி கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து அடுப்படிக்குச் சூடு காயக் கூட்டிக்கொண்டு போனார்.