வதந்தியைச் சான்றாக வாசித்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி நடைபெற்றது. இத்தகைய களங்களில் வீரர்களோடு அவர்களுடைய வண்டிகளையும் கூர்ந்து நோக்குவோர் உண்டு. இதுவரை அறிவிக்கப்படாத உறுப்பு ஏதேனும் கண்ணில் பட்டால் அன்றே ஊகம் பிறந்துவிடும்.

அவ்வூகங்களை வெறும் வம்பென்று தள்ள இயலாது. பின்கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் சிறு தகட்டுக்கு ஸ்ராம் நிறுவனம் 2019இல் ஒரு பொது அளவை வகுத்தது. பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றது. இந்தத் தாராளத்தின் பின்னால் வேறு திட்டம் இருப்பதாகப் பேச்சு எழுந்தது. காப்புரிமை விண்ணப்பங்கள் அதற்கு வலுவூட்டின. 2023 மார்ச்சில், அந்தத் தகடே இல்லாமல் அதே சட்டகங்களில் நேரடியாகப் பொருந்தும் மாற்றி வெளிவந்தது.

ஆயினும் காப்புரிமை வாக்குறுதியாகாது. பிறர் எடுத்துக்கொள்ளாதபடி ஒரு கருத்தைக் காப்பதற்காகவே செய்யப்படும் விண்ணப்பங்கள் பல. அவற்றுள் தாளிலேயே தங்கிவிடுபவை மிகுதி.

26 அங்குலச் சக்கரம் 29 அங்குலத்துக்கு வழிவிட்டபோது, நல்ல வண்டிகள் தேயுமுன்பே பழையனவாயின. அவற்றுக்குரிய தரமான டயரும் ஃபோர்க்கும் அரிதாயின. இப்போது 32 அங்குலம் பேசப்படுகிறது. உதவித்தொகையில் மிச்சம்பிடித்து வண்டி வாங்க எண்ணும் மாணவர், இது வருமா என்பதோடு, வந்தபின் தம் வண்டிக்கு உறுப்பு கிடைக்குமா என்றும் கேட்டாகவேண்டும். இரண்டாவது கேள்விக்கு எந்தக் காப்புரிமை ஆவணத்திலும் விடையில்லை.