பெரியவர்கள் ஐஸ்

குச்சி ஐஸ் தின்பதற்கு வயது வரம்பு உண்டா? எனக்குத் தெரிந்தவரை சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் மீசை நரைக்க ஆரம்பித்த ஒருவன் தெருவில் நின்று குச்சி ஐஸைச் சப்பினால், பார்க்கிறவர்கள் பக்கத்தில் ஏதாவது குழந்தை நிற்கிறதா என்று ஒரு தடவை தேடத்தான் செய்கிறார்கள்.

இந்தக் குறைக்குப் பரிகாரத்தோடு வந்து சேர்ந்தான், கலிபோர்னியாவில் இருக்கும் என் மைத்துனன். சென்ற மே மாதம் அது. பெட்டியைத் திறந்து, ஆறு குழிகள் கொண்ட ஒரு அச்சையும், விமான நிலையத்தில் வாங்கிய நிறமில்லாத ரம் புட்டி ஒன்றையும் எடுத்து வைத்தான்.

"அத்தான், அங்கே பெரியவர்களுக்கென்றே குச்சி ஐஸ் உண்டு. பழச் சாற்றிலே இதைக் கலந்து உறைய வைப்பார்கள். நீங்கள்தான் சமையலில் புலியாயிற்றே!" என்றான்.

ரசம் வைக்கத் தெரிந்த ஆண்பிள்ளையை உலகம் இப்படித்தான் கெடுக்கிறது.

குச்சி ஐஸுக்கே பூர்வீகம் அவன் இருக்கும் பக்கம்தான். 1905-ல் அங்கே பிராங்க் எப்பர்ஸன் என்ற பதினோரு வயதுப் பையன், பானகம் கலக்கிய குவளையைக் குச்சியோடு இராத்திரி வெளியிலேயே மறந்து வைத்துவிட்டானாம். விடிந்து பார்த்தால் குச்சியோடு உறைந்து கிடந்தது. 1924-ல் பெரிய மனிதனாகி அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டான். மறதிக்குப் பரிசு கிடைத்த இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். நான் பாலை அடுப்பில் மறந்தால் கிடைப்பது வேறு.

பங்கனபள்ளி மாம்பழம் இரண்டு, அன்னாசி கொஞ்சம், எலுமிச்சம் பழம் ஒன்று. அரைத்து வடிகட்டி, மைத்துனனுக்கு மரியாதை செய்வதாக எண்ணி ரம்மைத் தாராளமாகவே ஊற்றினேன். மறுநாள் காலையில் அச்சைக் கவிழ்த்தால் கூழ் கொட்டியது! படித்த ரசாயனம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. சுத்தமான சாராயம் உறைய பூஜ்யத்துக்குக் கீழே 114 டிகிரி வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டி மைனஸ் 18-க்கு மேல் என்ன செய்யும், பாவம்! ரம் ஒரு பங்கு என்றால் பழச் சாறு நாலைந்து பங்காவது இருக்க வேண்டும். இன்னொன்று: நாக்கு குளிர்ந்தால் தித்திப்பு மங்கிவிடும். ஆகையால் கலவை கொஞ்சம் திகட்டும்படி இருந்தால்தான் உறைந்த பிறகு சரியாக இருக்கும். அதற்காகச் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாலும் உறையாது. இல்லறம் மாதிரிதான், அளவில் இருக்கிறது விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர் பெரியவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குடியை விட்டு நாலு வருஷமாகிறது. அதற்கு முந்திய பத்து வருஷத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அவருக்கும் அவர் மனைவிக்குமாக ரம் கலக்காமல் இரண்டு ஐஸ் ஊற்றினேன். உறைந்த பிறகு ஆறும் ஒரே மஞ்சள்; குளிரில் வாசனையும் தெரியாது. அதனால் அந்த இரண்டு குச்சிகளிலும் சிவப்பு நூலைச் சுற்றி முடிந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்தது. என் மனைவி அச்சை வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்து, ஆறையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். அண்ணன் ஒன்றை எடுத்துவிட்டார். குச்சியைப் பார்த்தேன். நூல் இல்லை. எதிலுமே நூல் இல்லை!

"அண்ணா, வேண்டாம்! வையுங்கள்!" என்று கத்திவிட்டேன்.

"ஏதோ அழுக்கு நூல் சுற்றியிருந்தது, பிய்த்துப் போட்டேன்" என்றாள் என் மனைவி, விஷயம் புரியாமல். பிறகு புரிந்து, முகம் வெளுத்துப் போனாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மைத்துனன் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தான்.

அண்ணன் கையிலிருந்ததை நிதானமாகத் தட்டில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதிலே சாராயம் இருக்கிறது, எனக்கு வேறே என்று நேராகச் சொல்லியிருக்கலாமே, தம்பி. நாலு வருஷமாக எல்லோரும் எனக்கு நூல் கட்டிக்கொண்டேதான் இருக்கிறீர்கள். கல்யாண வீட்டிலே நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. நான் பார்க்கவில்லை என்று நினைப்பு."

நான் என்ன பதில் சொல்ல? ஆறும் உருகி ஓடிக்கொண்டிருந்தன. மைத்துனன்கூடத் தொடவில்லை. தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தேன்.

திரும்பிப் பார்த்தால், அண்ணன் அடுப்பங்கரையில் நின்று இஞ்சி தோல் சீவிக்கொண்டிருக்கிறார்! "அச்சைக் கழுவிக் கொடு" என்றார். நன்னாரி சர்பத், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, கீறிய பச்சை மிளகாயை ஊற வைத்து எடுத்த தண்ணீர். பாதி உறைந்த பிறகுதான் குச்சியைச் செருக வேண்டும், அப்போதுதான் சாயாமல் நிற்கும் என்று அவருக்கு நான் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் தயங்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து தின்றோம். குழந்தைகள் ஒரு நக்கு நக்கிவிட்டு ஓடிவிட்டன. காரமும் புளிப்பும் நன்னாரியின் லேசான கசப்பும் அவர்களுக்கு ஆகவில்லை.

சின்ன வயதில் சைக்கிள் பெட்டிக்காரனிடம் வாங்கிய ஐஸை உறிஞ்ச உறிஞ்ச, சாயமும் தித்திப்பும் போய் வெள்ளைக் கட்டி மிஞ்சுமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் தனியாக உறைந்து, சர்க்கரைப் பாகை இடுக்குகளுக்குத் தள்ளிவிடுகிறது. உறிஞ்சினால் முதலில் வருவது அந்தப் பாகுதான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் தம் குச்சியை நிலா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது.

"இஞ்சி இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம், தம்பி" என்றார்.