கூண்டில் நிற்கும் கேள்வி

நின்ற இடத்தில் நின்றவாறே யானையொன்று தலையை இடமும் வலமுமாக ஓயாது அசைப்பதைக் காட்டி, "ஆடுகிறது பார்" எனக் குழந்தைகளை மகிழ்விக்கும் பெற்றோரைக் காட்சிச்சாலைகளில் நாம் கண்டதுண்டு. அஃது ஆட்டமன்று. அடைப்பும் தனிமையும் விளைத்த மனநோவின் அறிகுறி அது. விலங்குகளைப் பற்றிய அறிவைக் குழந்தைகளுக்கு ஊட்டவே காட்சிச்சாலை என்பார் கூற்றை நாம் முழுதும் ஏற்கத் தயங்குவது இதனாலேயே.

காவன் என்னும் யானையும் இவ்வாறுதான் தலையசைத்து நின்றது. 1985ஆம் ஆண்டு இலங்கை அரசு பாகிஸ்தானுக்குப் பரிசாக வழங்கிய கன்று அது. இஸ்லாமாபாத் மர்கசார் காட்சிச்சாலையில் சங்கிலியறிந்து வளர்ந்தது. உடனிருந்த பெண்யானையின் பெயர் சகேலி. தோழி என்பது அதன் பொருள். 2012இல் அத்தோழியும் இறக்க, எட்டாண்டுகள் தன்னந்தனியே நின்றது காவன். நாடுகளிடையே நட்பு வளரத் தாயைப் பிரிந்த கன்றொன்று கைமாறியது. அதன் விருப்பத்தை யார் கேட்டார்?

2020 மே திங்களில் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி அத்தர் மினல்லா, விலங்குகட்கும் சட்டவழி உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தார். உயிர்களிடத்து இரக்கம் பேணுமாறு இஸ்லாம் பணிப்பதும் அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. பெருந்தொற்றால் மாந்தரே வீட்டினுள் அடைபட்டிருந்த காலம். அதனையும் அவர் சுட்டத் தவறவில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் காவன் வானூர்தியில் கம்போடியா சேர்ந்து, மற்றொரு யானையின் துதிக்கையைத் தொட்டது.

எனினும், காட்சிச்சாலைகளெல்லாம் கூடாவெனத் துணிந்துரைக்க நம்மால் இயலவில்லை. வளைகுடா சென்று மீளும் நம்மவர், கத்தார் விமானத்தின் வாலில் நீள்கொம்புத் தலையொன்றைக் கண்டிருப்பர். ஓரிக்ஸ் என்னும் அந்த அரபுப் பாலைவன மான், வேட்டையால் 1972இல் காட்டில் அற்றுப்போனது. அமெரிக்காவின் பீனிக்ஸ் காட்சிச்சாலையில் 1960களிலேயே சேர்த்து வளர்த்த சிறு மந்தையின் வழிவந்தவை, 1982இல் ஓமான் பாலையில் விடப்பட்டன. திரும்பிச் செல்லும் வாயில் திறந்திருந்த கூண்டு அது. காவனை நிறுத்திய கொட்டிலுக்கு அத்தகைய வாயில் ஏது?

விடுவித்தலும் எளிதன்று. தீர்ப்பின்பின் இடம்மாற்றுகையில், மர்கசாரின் சிங்கங்கள் இரண்டு, அவற்றை வெளியேற்ற மூட்டிய தீயின் புகையால் மாண்டன. எஞ்சிய கரடிகள் இரண்டும் 2020 டிசம்பரில் ஜோர்டானுக்கு அனுப்பப்பட்டன.