நாணயம் கேட்கும் நாணயம்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றது, ஒருவரை நம்பி அந்தக் காசைக் கொடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் குணம். இவ்விரண்டும் ஒரே இடத்தில் கூடியிருப்பதை முப்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. அண்மையில் ஒரு விளையாட்டில் கண்டேன். அதன் பெயர் ஜியோகேஷிங்.

பெயர் புதிது, விளையாட்டின் உள்ளடக்கம் பழையது. நம் பிள்ளைகள் முற்றத்து மணலை வரம்பாகக் குவித்து, அதற்குள் சிறு குச்சியை ஒளித்து விளையாடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் வரம்புக்குப் பதில் பூமி. குச்சிக்குப் பதில் ஒரு பெட்டி. இடத்தை ஊகிப்பதற்குப் பதில் செய்மதி. 2000ஆம் ஆண்டு மே முதலாம் திகதி இரவோடு, ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அதுவரை நூறு மீற்றர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள், ஒரே இரவில் பத்து இருபது மீற்றருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மே 3ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்களையும் ஒரு கவணையும் ஒரு பீன்ஸ் தகரத்தையும் போட்டுக் காட்டோரத்தில் வைத்தார். அதன் அகலக்கோடு நெடுங்கோட்டை இணையக் குழுவொன்றில் அறிவித்தார். மூன்று நாள்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று ஒரு வாளி. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள்.

விளையாட்டின் ஒழுக்கம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பெட்டியைத் திறந்தவர் உள்ளே இருக்கும் சிறு குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதை, முடிந்தால் அதைவிட நல்லதை, வைக்கவேண்டும். உணவுப்பண்டம் கூடாது, மணம் பிடித்து விலங்குகள் வரும். (நம் ஊரென்றால் முதலில் எறும்பு வரும்.) மது, வெடிபொருள், கூரிய ஆயுதம் எதுவும் கூடாது. பெட்டியைப் புதைக்கக்கூடாது. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் எங்கும் வைக்கக்கூடாது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 161 மீற்றர் இருக்கவேண்டும்.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது வேறொரு வழக்கம். தேடிப் போய்க் கிடைக்காவிட்டால், 'கிடைக்கவில்லை' என்றும் பதிவு செய்யவேண்டும். வெற்றியை எழுத யாரும் சொல்லித்தரத் தேவையில்லை; வெறுங்கையுடன் திரும்பியதை எழுதுவதற்குத்தான் ஒழுக்கம் வேண்டும். நாலைந்து பேர் அப்படி எழுதினால்தான் பெட்டி தொலைந்துவிட்டது என்பது அதை வைத்தவருக்குத் தெரியவரும். செய்தி சேகரிக்கப் போன இடத்தில் செய்தி இல்லையென்றால், இல்லை என்று ஆசிரியரிடம் வந்து சொல்லும் நிருபரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இனி நாணயத்துக்கு வருகிறேன்.

பெட்டிகளுக்குள் சில வேளை ஓர் உலோக நாணயம் கிடக்கும். கடையில் செல்லாது. அதன்மேல் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்குறியீட்டை இணையத்தில் இட்டால், அந்த நாணயம் யாருடையது, எங்கே புறப்பட்டது, எந்தெந்தக் கைகள் வழியே வந்தது, எங்கே போக விரும்புகிறது என்பதெல்லாம் தெரியும். எடுத்தவர் அதை வைத்துக்கொள்ளக்கூடாது. அதன் நோக்கம் நிறைவேறும் திசையில் இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோய் வைத்து, அதைப் பதிவு செய்யவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கையில் இருந்தால் உரியவருக்கு ஒரு வரி எழுதுவது மரியாதை. குறியீடு தெரியும்படி படமெடுத்து வெளியிடக்கூடாது. தொடாதவர்களும் கண்டதாகப் பதிந்துவிடுவார்கள். வேறு பொருள் வைத்தால்தான் நாணயத்தை எடுக்கலாம் என்ற கட்டாயமும் இல்லை, ஏனெனில் அது பண்டமாற்றுக்கு வந்த பொருளன்று, பயணி.

முதல் நாணயம் 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெளிவந்தது. இருபது ஆண்டுகளில் இந்தப் பழக்கம் எங்கெல்லாம் போய்விட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 பெப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் கருவியொன்றிலும் இத்தகைய குறியீடு பொறிக்கப்பட்டுள்ளது. பூமியில் உள்ளவற்றின் கதை அவ்வளவு பெருமையானதன்று. பல நாணயங்கள் யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் போய் முடிகின்றன. அதற்காகவே சிலர் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை அனுப்புகிறார்கள்.

கடந்த ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகனின் பணப்பையில் அப்படியொரு நாணயம் இருந்தது. நான் வாங்கிப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு. எவ்வளவு குடுத்து வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"இது என்ட இல்ல மாமா. என்ட கையில இருக்கு, அவ்வளவுதான்" என்றான்.

அவனது ஊர்ப் பூங்காவிலுள்ள ஒரு பெட்டியில் எடுத்தது. அதன் உரிமையாளர், அவன் ஒருநாளும் கண்டிராத ஓர் ஆசிரியை. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடங்களை அந்த நாணயம் பார்க்கவேண்டுமென்பது அவருடைய விருப்பம். இலங்கைக்குப் போகிறேன், எங்கள் ஊர் வாவி அப்படியான இடந்தான், கொஞ்சக்காலம் கையில் வைத்திருக்கட்டுமா என்று எழுதிக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே விமானம் ஏறியிருக்கிறான்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த காத்தான்குடி நண்பர் இதைக் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்: "அப்ப இது அமானிதம்." கிழக்கிலங்கை முஸ்லிம்களோடு பழகியவர்களுக்கு இச்சொல்லின் கனம் தெரியும். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். காப்பவனுக்குப் பொறுப்பு மட்டுமே உண்டு, உரிமை இல்லை. இந்த விளையாட்டின் வழிகாட்டிப் பக்கங்கள் பல பந்திகளில் விளக்குவதை அந்தச் சொல் தனியே தாங்கிக்கொள்கிறது.

வாவியில் தொழில் செய்பவர்களிடமும் இதே ஒழுக்கம் உண்டு. மாலையில் வலையைக் கட்டி, மிதப்பை அடையாளமாக விட்டு வீடு திரும்புகிறார்கள். இரவு முழுவதும் அந்த வலைக்கு வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. அடுத்தவன் வலையைத் தூக்காதே என்ற வழக்கம் ஒன்றே காவல். அதை மீறுபவர்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மீறியவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை நான் அறிவேன். கரையிலே வளர்ந்தவனுக்கு நாணய விளையாட்டின் விதிகளைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

மருமகன் அந்த நாணயத்தைப் புளியந்தீவுக் கோட்டைக்குக் கொண்டுபோனான். 1913இல் கட்டப்பட்ட முகத்துவாரம் வெளிச்சவீட்டடியில் படமெடுத்தான், குறியீட்டை விரலால் மறைத்தபடி. அதுவரை எல்லாம் நன்று. அதன் பிறகுதான் அவன் ஓர் ஆசையைச் சொன்னான். கல்லடிப் பாலத்தடியில், கண்டல் வேர்களுக்கிடையில், ஒரு பெட்டி வைக்கவேண்டும். பாடும் மீன்களைக் கேட்க வருபவர்கள் பெட்டியையும் தேடுவார்கள். "நான் போனாப் பிறகு நீங்க பாத்துக்கொள்ளுவீங்கதானே மாமா?"

கேட்டது நியாயமான ஆசை. 1848இல் எமர்சன் டெனன்ற் இந்த வாவியில் தோணியேறி அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்த காலத்திலிருந்து வெளியூரார் அதைத் தேடி வருகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பழைய பாலத்தருகே 2013இல் புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. இடம் அழகானது. ஆயினும் நான் மறுத்தேன்.

"மருமகன், இந்த ஊரில ஒளிச்சு வைச்ச பெட்டிக்கு வேற அர்த்தம் இருக்கு" என்றேன்.

அவன் பிறந்து வளர்ந்த நாட்டில், மரவேரடியில் இருக்கும் பிளாஸ்ரிக் பெட்டி ஓர் ஆவலைத் தூண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக நாங்கள் கற்பித்தது நேர்மாறானது. கீழே கிடப்பதைத் தொடாதே; அழகாக இருந்தால் இன்னும் விலகிப் போ; பெரியவர்களிடம் சொல். சிவப்புப் பலகையில் மண்டையோட்டை வரைந்து மிதிவெடி என்று எழுதிய எச்சரிக்கைகளுக்கிடையே அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். 'மர்மப் பொதி' என்ற தலைப்பில் எத்தனை செய்திகளைப் பக்கத்துக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுட் பல யாரோ மறந்துபோன சாப்பாட்டுப் பொதியாகவோ துணிப்பையாகவோ முடிந்தன. ஆனால் அது தெரியவரும் வரைக்கும் வீதி மூடியிருக்கும். தாய்மார் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அந்த அச்சம் ஒருவாறு ஓய்ந்தது என்றே நினைத்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்துக்கு ஒருவன் பையோடு வந்தான். பலியானவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர். அதன் பிறகு இவ்வூரில் பை என்பது வெறும் பையாக இருக்க நெடுநாள் ஆயிற்று.

நிலைமை இன்று வெகுவாக மாறிவிட்டது. ஆயினும், பாலத்தடியில் குனிந்து எதையோ ஒளித்துவிட்டு இருபுறமும் பார்த்தபடி நகரும் இளைஞனை ஒரு மீனவர் கண்டால் என்ன நினைப்பார்? இது நமக்கு மட்டும் உரிய அச்சமும் அன்று. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகமொன்றின் அருகில் வைக்கப்பட்டிருந்த இத்தகைய பெட்டியை வெடிகுண்டென்று ஐயுற்று, படையினர் வந்து வெடிக்கவைத்து அழித்தார்கள். போர் காணாத சிற்றூரிலேயே அப்படியென்றால், நம் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மருமகன் முகம் வாடவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து விளையாட்டின் விதிகளை இருவருமாகப் படித்தோம். நான் அச்சத்தினால் சொன்னதை அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். பாலம், பள்ளிக்கூடம், படைமுகாம் போன்ற இடங்களை அண்டி வைக்கவேண்டாம். விடுமுறைக்குப் போன ஊரில் பெட்டி வைத்துவிட்டுப் பறந்துவிடவேண்டாம். அடிக்கடி போய்ப் பராமரிக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்த இரண்டாம் விதியை புலம்பெயர்ந்த அன்பர்கள் ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். ஊருக்கு வந்து ஒன்றைத் தொடக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. வாசிகசாலையானாலும் நினைவுத்தூணானாலும், மழை பெய்யும்போது மூடவும் பொலிஸார் கேட்கும்போது பதில் சொல்லவும் இங்கே ஒருவர் தேவைப்படுகிறார்.

வழியும் அந்த விதிகளுக்குள்ளேயே கிடைத்தது. 2004ஆம் ஆண்டிலிருந்து இந்த விளையாட்டில் பெட்டியே இல்லாத ஒரு வகை உண்டு, எர்த்கேஷ் என்கிறார்கள். குறித்த இடத்துக்குப் போய், நிலமும் நீரும் அங்கே என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் கண்டு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பவேண்டும். ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை, ஐயுறுவதற்கும் ஒன்றுமில்லை.

அதற்கு எங்கள் முகத்துவாரத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? கோடையில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாவியின் வாயை அடைக்கிறது. மாரியில் ஆறுகளின் வெள்ளம் வாவியில் நிறைந்து, படுவான்கரை வயல்களில் ஏறுகிறது. மணல்மேடு தானாக உடையாவிட்டால் வெட்டிவிடுகிறார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வேளாண்மைக்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் எண்ணம் வேறுபடுவதுண்டு. ஒருவருக்கு வயல் வடியவேண்டும், மற்றவருக்கு வாவி வற்றக்கூடாது. ஒரு மணல்மேட்டில் இவ்வளவு இருக்கிறது. அந்த ஆசிரியை தம் நாணயத்துக்குக் காட்ட விரும்பியதும் இதைத்தான்.

நாணயத்தை அவன் இங்கே விட்டுச்செல்லவில்லை. முகத்துவாரத்துக்கு வந்துபோனதாக அதன் பக்கத்தில் பதிந்துவிட்டு, திரும்பும் வழியில் கொழும்பிலுள்ள ஒரு பெட்டியில் சேர்த்தான். ஒக்டோபரில் ஜேர்மனியர் ஒருவர் அதை எடுத்துச் சென்றதாகத் தகவல் அனுப்பினான்.

முகத்துவாரத்துக்கான கேள்விகளை நான் இப்போது எழுதிவருகிறேன். உரிய இடத்தில் அனுமதி கேட்கவும் எண்ணம். மூன்று கேள்விகள் தயார்: மணல்மேட்டின் எந்தப் பக்கம் சரிவு கூடியது? இன்று வாய் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா? வாவிநீரையும் கடல்நீரையும் விரலில் தொட்டு நாவில் வைத்தால் உப்பில் என்ன வேறுபாடு? நான்காவதைக் கரையில் தொழில் செய்யும் யாரிடமாவது பேசித்தான் அறியமுடியும்: கடந்த மாரியில் எப்போது வெட்டினார்கள், அதில் யாருக்கு என்ன குறை? விதி இடங்கொடுக்குமானால் அதையும் சேர்த்துவிடுவேன்.