விலாவின் நீர்

ஞாயிறு திருப்பலி முடிந்து இறைச்சிக் கடையில் காத்து நின்றவர்கள் அதைப் பார்த்திருக்கக்கூடும். ஆட்டின் நுரையீரல் மேல் ஈரப் பளபளப்போடு படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு அது. கத்தி பட்டால் கிழியும். தனியே அதற்கு விலையில்லை. அத்தகைய சவ்வு நம் நெஞ்சிலும் உண்டு என்பதை, எங்கள் அண்ணனின் விலாவில் ஊசி இறங்கிய நாள் வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அண்ணன் நாமக்கல்லில் லாரி ஓட்டுநர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், வடநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியவர், வலது விலாவில் குத்துகிறது என்றார். மூச்சை ஆழ இழுத்தால் வலி உயிரை வாங்கிற்று. வாய்வுப் பிடிப்பு என்று நாங்களே முடிவு செய்து, தவிட்டு ஒத்தடமும் பூண்டுப் பாலும் கொடுத்தோம். பத்து நாளில் வலி தணிந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால், வலி குறையக் குறைய மூச்சிரைப்பு கூடிற்று. மாலைதோறும் காய்ச்சல் வந்தது. சட்டை தொளதொளத்தது.

மருத்துவர் அவர் முதுகில் ஒரு விரலை வைத்து, மறு விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். ஓரிடத்தில் ஓசை மந்தமாயிற்று. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டியே காற்றின் அளவை அறிபவர் எங்கள் அண்ணன். "சத்தம் மாறுதுங்களே டாக்டர்" என்று அவரே சொன்னார். இப்படித் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் உலகுக்கு அறிவித்தவர் ஆஸ்திரிய மருத்துவர் அவுவன்புருக்கர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர்; பீப்பாயைத் தட்டி மதுவின் அளவை அறியும் பழக்கமே மகனுக்கு வழிகாட்டியது என்பர்.

ஊசி வழியே ஒரு லிட்டருக்கு மேல் நீர் வந்தது. வைக்கோல் நிறம். சோதனைகளின் முடிவு, நுரையீரல் உறையில் காசநோய்.

இவ்வகைச் சவ்வுகளைச் 'சீரஸ்' சவ்வுகள் என்பர், நீர்ச்சவ்வு எனலாம். இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியவர் 1800ஆம் ஆண்டையொட்டி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பிஷா. நுரையீரலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. கருவில் ஒரே குழியாயிருந்து, பின்னர் தனித்தனி அறைகளாகப் பிரிபவை இவை. ஒவ்வொன்றும் இரு மடிப்பு கொண்டது. ஒரு மடிப்பு உறுப்பைத் தழுவியிருக்கும். மற்றது சுவரைப் போர்த்தியிருக்கும். நடுவே சிறிதளவு நீர். இரு நுரையீரல்களுக்கும் சேர்த்தே அது 15 முதல் 20 மில்லி லிட்டர்தான். அந்த ஈரத்தால்தான் நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் இரு மடிப்புகளும் உரசாமல் வழுக்கிச் செல்கின்றன. வீக்கம் வந்தால் அவை உரசும், அதுவே குத்தல். நீர் பெருகினால் மடிப்புகள் விலகும். வலி தணியும், மூச்சு முட்டும். நாங்கள் மகிழ்ந்த நாள்களில்தான் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

இதய உறையைக் காசநோய் தாக்கினால், அது தடித்துச் சுண்ணாம்பேறி இதயத்தை இறுக்கவும் கூடும். வயிற்றுறையைத் தாக்கினால் வயிற்றில் நீர் சேரும். இன்னொன்றும் அறிந்தோம். நுரையீரலைத் தழுவிய உள்மடிப்புக்கு வலி தெரியாது, நோவதெல்லாம் வெளிமடிப்புக்கே.

வீட்டில் எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டோம். ஏனெனில், நோயின் பெயர் தெரிந்ததும் நாங்கள் செய்தவை நல்லவையல்ல. தங்கையின் திருமணம் தையில் நிச்சயமாகியிருந்தது. "நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது" என்று ஊருக்குச் சொன்னோம்; காசநோய் என்ற சொல்லை மறைத்தோம். அண்ணனுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அவர் பிள்ளைகளை இராசிபுரத்துக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அவர் திண்ணையில் உண்டார். அம்மா மட்டும் தம் தட்டை எடுத்துச் சென்று அவரருகே அமர்ந்தார்.

மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. முதல் இரு மாதம் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். தனித் தட்டைப் பற்றிக் கேள்வியுற்ற மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். இந்நோய் தட்டாலும் தம்ளராலும் தொற்றுவதன்று. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது காற்றில்தான் பரவும். சளிச் சோதனையில் கிருமியில்லாமல் உறையில் மட்டும் நோயுள்ளவரிடமிருந்து அது பரவுவது அரிது. பின்னர் அவர் சென்னைச் சேத்துப்பட்டின் கதையைச் சொன்னார். 1956இல் அங்கு தொடங்கிய ஆய்வு மையம், 193 நோயாளிகளில் ஒரு பாதியினரை மருத்துவமனையிலும் மறுபாதியினரை அவரவர் எளிய வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு உலகையே மாற்றிற்று. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. நோயாளியை வீட்டைவிட்டு விலக்க வேண்டியதில்லை என்று உலகுக்குக் கற்பித்தது நம் தமிழ் மண்ணின் ஏழை வீடுகளே. அந்த மண்ணிலிருந்துகொண்டு நாங்கள் திண்ணையில் தட்டு வைத்தோம்.

ஆறு மாதத்தில் அண்ணன் நலமடைந்து மீண்டும் லாரி ஏறினார். பிள்ளைகள் திரும்பினர். ஆனால், வீடு வரும்போதெல்லாம் அந்தப் பழைய தட்டையே எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். நாங்கள் அழைத்தால், "காத்தாட இருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் வற்புறுத்த எங்களுக்கு நாவெழவில்லை.

சென்ற பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. படைவீரர் ஒருவர் ஆண்டவரின் விலாவை ஈட்டியால் குத்த, இரத்தமும் நீரும் வடிந்த இடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்நீர் நுரையீரல் உறையிலும் இதய உறையிலும் தேங்கியதாக இருக்கலாம் என்று 1986இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் மருத்துவர்கள் எழுதினர். திருச்சபைத் தந்தையர் அதில் திருமுழுக்கையும் நற்கருணையையும் கண்டனர். எங்களுக்கோ, மருத்துவமனையில் கண்ணாடிப் புட்டியில் நிறைந்த வைக்கோல் நிற நீர் கண்முன் வந்தது. தம் விலாவைத் தொட்டுப் பார்க்கத் தோமாவை அழைத்தவர் ஆண்டவர். எங்கள் அண்ணனின் விலாவருகே அமரவும் நாங்கள் அஞ்சினோம்.

உயிர்ப்புப் பெருவிழாவன்று கூடத்தில் எல்லாருக்கும் இலை போட்டோம். பழைய தட்டைத் தேடி உள்ளே போன அண்ணனிடம், "அதை நாங்க எடுத்துப் போட்டுட்டோம். மன்னிச்சிருங்கண்ணா" என்றோம். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு எங்கள் நடுவே வந்து, "கொஞ்சம் நகருங்க" என்று இடம் கேட்டு அமர்ந்தார்.