அடகு ரசீதின் தேதி

அண்மையில் ஒரு கருத்தரங்கில், கணினி மாதிரிகளை வைத்துக் காலநிலை ஆய்வு செய்யும் இளைஞர் ஒருவர் இடம்பெயர்ந்தவர்களிடம் நாங்கள் எடுக்கும் நேர்காணல்களைக் ‘கதை’ என்றார். சபை சிரித்தது. ஓய்வு பெற்றவன் எதற்கு வம்பு என்று நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உலக வங்கியின் 2021 அறிக்கை, 2050-க்குள் 21.6 கோடிப் பேர் வரை தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்கிறது. இந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் ஒருவரையாவது அடையாளம் காட்டச் சொன்னால்தான் தடுமாற்றம். மழை பொய்த்தது, புயல் அடித்தது, அதனால் வந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. ‘வேலைக்கு வந்தோம்’ என்பார்கள். அதுவும் பொய்யில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடப்பெயர்வுக் காரணங்களுள் இயற்கைச் சீற்றமும் இருந்தது, 2001-இல் எடுத்துவிட்டார்கள். கணக்கெடுப்பின் டி-3 இடப்பெயர்வு அட்டவணையை வைத்து ஆய்வேடு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

என் பேராசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். “ஏன் வந்தீங்கன்னு கேட்காதேய்யா, எப்போ வந்தீங்கன்னு கேளு.” ‘ஏன்’ என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத் தேடித் தருவார்கள், ‘எப்போது’ என்று கேட்டால் நினைத்துப் பார்ப்பார்கள். பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? அப்போது மகள் எத்தனையாவது படித்தாள்? கடைசியாக எந்த நகை அடகுக்குப் போனது? இப்படிக் கேட்டு மாதவாரியாகக் கட்டம் நிரப்ப வேண்டும். முடிந்தால் அடகு ரசீதையும் பார்க்கச் சொல்வார். ஞாபகம் பிசகும், கடைக்காரர் போட்ட தேதி பிசகாது. குறிப்பேட்டின் வலப்பக்கம் அவர்கள் சொன்னது, இடப்பக்கம் நம் யோசனை. இரண்டும் கலந்திருந்தால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். அன்றிரவே எழுதாத குறிப்பைத் தொடக்கூட மாட்டார். அவரிடம் படித்தவர்கள் யாரும் அவரைப் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முறையை விட்டதாகவும் கேட்டதில்லை.

சென்னை அருகே அண்ணனூரில் குடியிருக்கும் பேராவூரணிப் பக்கத்துப் பெண் ஒருவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. என்னிடமும் முதலில் ‘வேலைக்குத்தான் சார்’ என்றார். கட்டம் போட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல். வீட்டுக்காரர் தேங்காய் உரிப்பவர். மரங்கள் சாய்ந்தபின் வெட்டி அகற்றும் வேலை சில மாதம் ஓடியது. அது முடிந்த மாதமும் தோடு அடகுக்குப் போன மாதமும் ஒன்று. அப்புறம் குழு லோன் தவணை தவறியது. 2019 ஜூலையில் ரயில் ஏறினார்கள். “புயல் அடிச்சப்போ போகலியே சார், புயல் போய் எவ்வளவோ நாள் கழிச்சுத்தானே வந்தோம்” என்று அவரே சொன்னார். தென்னை நட்டுக் காய்க்க வருஷங்கள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. இந்த இடைவெளியை எந்தக் கணினி மாதிரி பிடிக்கும்?

வந்த இடத்திலும் தப்பவில்லை. அவர்கள் வந்த அந்த ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிய ரயில், அண்ணனூர் வழியாக வில்லிவாக்கத்துக்குப் போகத் தொடங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர்கள் வீட்டில் சிலிண்டர் கட்டில் மேல் ஏறியது, ரேஷன் கார்டு பரணுக்குப் போனது. தாழ்ந்த தெருவில்தான் வாடகை குறைவு. சாலைமேல் சாலை போட்டு உயர்த்துகிறார்கள். புது வீடு கட்டுகிறவர் தரையை இன்னும் உயர்த்துகிறார். தண்ணீர் பழைய லைன் வீட்டுக்குள் இறங்குகிறது. இதில் உயர்த்திய வீட்டுக்காரரை மட்டும் எண்ணி ‘தகவமைப்பு’ என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

இப்போது நேர்காணலுக்குப் பிள்ளைகள் டேப்லெட்டோடு வருகிறார்கள். வாசலில் நின்றபடியே ‘காரணம்: வேலை’ என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தால் அடகு ரசீதை யார் கேட்பார்கள்? 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைப்பேசிச் செயலியில்தான். சமீபத்தில் ஒரு திட்டத்துக்கு ஆலோசனை கேட்டு வந்தவர்களிடம், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாம் முறை போய்வரப் பஸ் காசு ஒதுக்குங்கள் என்றேன். டேப்லெட் வாங்கப் பணம் இருக்கிறதாம். பஸ் காசுக்குத்தான் பட்ஜெட்டில் இடமில்லையாம்.